இரண்டு டி.வி.எஸ்.களும் ஒரு துருத்தியும்

மதுரையில் யாரிடம் வேண்டுமானாலும் டி.வி.எஸ். என்று சொல்லிப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் பஸ் என்பார்கள். நடுவயதுக்காரர்கள் மொபெட் என்பார்கள். ஆட்டோக்காரரிடம் சொன்னால் டி.வி.எஸ். நகரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்காரின் பெயர்ச் சுருக்கம் அது. இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

அமெரிக்காவில் கார்ப் பைத்தியம் பிடித்த பையன்களிடம் இதே மூன்று எழுத்தைச் சொன்னால் வேறொன்று புரியும். ஈட்டன் என்ற நிறுவனம் செய்யும் ஒரு சூப்பர்சார்ஜருக்குப் பெயர் டி.வி.எஸ். ‘ட்வின் வோர்ட்டிசஸ் சீரிஸ்’ என்பதன் சுருக்கம். இரட்டைச் சுழல் வரிசை என்று சொல்லலாம். நம் அய்யங்காருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. எழுத்துகள் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு 2015 மஸ்டாங் ஜி.டி. வைத்திருக்கிறான். ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், 435 குதிரைத் திறன். அது போதவில்லையாம். சூப்பர்சார்ஜர் கிட் ஒன்று போட வேண்டும் என்று மூன்று கிட்டுகளின் விவரத்தை எனக்கு அனுப்பியிருந்தான். “தாத்தா, இதில் ஒன்று நம்ம ஊர் டி.வி.எஸ்.! எதைப் போடலாம் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தான். அதே காரில்தான் தினமும் வேலைக்குப் போகிறான், பின் சீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை உட்காரவைத்துக் காப்பகத்தில் விடுகிறான். ஆகவே எது அதிக வேகம் என்பதல்ல கேள்வி. எது நடுவழியில் காலை வாராது என்பதுதான்.

நான் புதுச்சேரி அரசில் போக்குவரத்துத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டிகளை ஓட்டியதைவிட அவற்றின் பதிவுக் கோப்புகளைப் புரட்டியதுதான் அதிகம். அதற்கு முன் பிரெஞ்சு வழியில் படித்தபோது இயற்பியல் வகுப்பில் இன்ஜினை ‘மொத்தர்’ என்றுதான் படித்தேன். பேரனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதில் பாதி சரித்திரம். நண்பர்களுக்கும் பயன்படும் என்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கொல்லன் பட்டறையில் துருத்தி இருக்கும். கரி அதேதான், உலையும் அதேதான். துருத்தியை மிதித்தால் மட்டும் நெருப்பு சீறும். எரிவதற்குக் காற்று வேண்டும், அதிகம் எரிய அதிகக் காற்று வேண்டும். இன்ஜின் தானாக மூச்சு இழுத்துக்கொள்ளும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் காற்றைத் திணித்து, கூடவே பெட்ரோலையும் அதிகம் கொடுத்தால், அதே இன்ஜின் அதிக சக்தி தரும். இன்ஜினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் போட்டுத் துருத்தியை ஓட்டினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஓட்டினால் டர்போ.

பிரெஞ்சில் இதற்கு ‘சூரலிமாந்தசியோன்’ என்று பெயர். ‘சூர்’ என்றால் அதிகமாக, ‘அலிமாந்தசியோன்’ என்றால் உணவூட்டல். இதே சொல் வைத்தியத்திலும் இருந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் காசநோயாளிகளுக்கு வலுக்கட்டாயமாக அதிகம் ஊட்டும் சிகிச்சைக்கும் அதுதான் பெயர். ஆங்கிலச் சொல்லைவிட இது எனக்குப் பிடிக்கும். ஊட்டுவது நம் கையில், செரிப்பது அவன் வயிற்றில் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கருவியின் பிறப்பும் உலைக்களத்தில்தான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள், ஃபிலாண்டர், ஃப்ரான்சிஸ் என்ற இருவர், கம்பளி ஆலை நடத்தினார்கள். இரண்டு மடல்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் ஓர் ஊதுகருவிக்கு 1860-ல் காப்புரிமை பெற்றார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கு அது காற்று ஊதியது. அப்போது மோட்டார் காரே கிடையாது. இன்றும் பேரனின் பட்டியலில் உள்ள டி.வி.எஸ். அந்த ரூட்ஸ் கருவியின் கொள்ளுப்பேரன்தான். காட்லீப் டெய்ம்லர் 1885-ல் எடுத்த காப்புரிமையிலேயே இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் யோசனை இருந்தது. லூயி ரெனோ 1902-ல் விசிறி வகைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். ஆக, காருக்கும் துருத்திக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

விற்பனைக்கு வந்த முதல் சூப்பர்சார்ஜர் கார்களை மெர்சிடிஸ் 1921-ல் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. அதில் ஒன்றின் பெயர் 6/25/40. முதல் எண் வரிக் கணக்கு. இரண்டாவது, சாதாரணமாக ஓடும்போது 25 குதிரைத் திறன். மூன்றாவது, துருத்தி சேர்ந்தால் 40. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துருத்தி எப்போதும் ஓடாது. ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை மிதித்தால்தான் கிளட்ச் பிடித்துச் சுழலும். முந்திச் செல்லவோ மேடு ஏறவோ சில விநாடிகள் உதவும், பிறகு ஓய்வெடுக்கும். செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எல்லா நேரமும் ஊட்டினால் இன்ஜின் தாங்காது என்று.

இங்கிலாந்தில் நடந்த கதை இன்னும் சுவையானது. பென்ட்லி கார்களைச் செய்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்குத் துருத்தி பிடிக்காது. சக்தி வேண்டுமா, இன்ஜினைப் பெரிதாகச் செய் என்பது அவர் கட்சி. பந்தய ஓட்டுநர் டிம் பிர்க்கின் ஒப்புக்கொள்ளவில்லை. டாரதி பேஜட் என்ற பணக்காரப் பெண்மணி பணம் கொடுக்க, நாலரை லிட்டர் பென்ட்லியின் முகப்பில் பெரிய துருத்தியைப் பொருத்தினார். 110 குதிரைத் திறன் 175 ஆனது. பெயரும் புகழும் அந்த ‘புளோயர் பென்ட்லி’க்குத்தான். ஆனால் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் வென்றது துருத்தி இல்லாத, ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’. 1930-ல் பிர்க்கினின் காரும், அதற்குப் போட்டியான சூப்பர்சார்ஜர் மெர்சிடிஸும் விரட்டி விரட்டி ஓடி, இரண்டும் பாதியில் நின்றுபோயின. புளோயர் பென்ட்லி கடைசிவரை லெ மானில் வெல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுந்தரம் அய்யங்கார் 1911-ல் நிறுவனம் தொடங்கி பஸ் விடத் துணிந்தார். அவர் விற்றது வேகத்தை அல்ல, நேரத்தை. பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று மதுரைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டு லாடத்தின் ஆணிகள் சாலையெல்லாம் கிடந்து டயரைக் குத்துமாம். அதற்காகக் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பதும் இந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இன்ஜினின் சக்தியைக் கூட்டுவதற்கு முன்னால் பஞ்சரைக் குறைக்க வேண்டும் என்று நினைத்த மனிதர்கள். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும் ‘அந்தக் காலத்து டி.வி.எஸ். மாதிரி வருமா’ என்ற பேச்சு ஓயவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் நிற்க வேண்டிய நிலை. அப்போதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் வந்தது. பஸ்ஸோடு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் மரக்கரியை நிரப்பி, குறைந்த காற்றில் புகைய விட்டு, வரும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்கு அனுப்பினார்கள். ‘கரி பஸ்’ என்றுதான் மக்கள் சொன்னார்கள். என் மாமனார் அந்தக் காலத்தில் மதுரையில் பஸ் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். விடியற்காலையில் கிளீனர் வந்து, கைப்பிடி வைத்த ஊதுகருவியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைப்பான், அதன்பிறகுதான் பஸ் கிளம்பும் என்பார். கரி பஸ்ஸில் அவர் கண்ட ஒரே துருத்தி அதுதான்.

கரிவாயு ஏழை உணவு. அதில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் ஓடிய அதே இன்ஜின் கரிவாயுவில் 40 முதல் 50 சதவீதம் சக்தியை இழந்துவிடும். ஐரோப்பாவில் சில பொறியாளர்கள் இழந்ததை மீட்கக் கரிவாயு இன்ஜின்களுக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தினார்கள். அது நல்ல வழிதான். ஆனால் இன்னொரு பெல்ட், இன்னும் இரண்டு பேரிங், அவற்றில் படியும் கரித்தூள் என்று கெட்டுப்போக இன்னும் நாலு இடம். மாமனார் சொன்ன வழி வேறு. மேட்டில் இறங்கி நடக்கச் சொல்வார்கள், கியரைக் குறைப்பார்கள், வடிகட்டியைத் தினமும் கழுவுவார்கள். மெதுவாகப் போனாலும் போய்ச் சேரும். சந்தைக்குக் காய் கொண்டுபோகும் கிழவிக்கு அது போதும்.

இந்த இடத்தில் அமெரிக்கா எப்படி உள்ளே வருகிறது என்று கேட்பீர்கள். டி.வி.எஸ். அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளர். அந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1938-ல் ‘71’ வரிசை என்ற இரண்டு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. லாரி, பஸ், படகு எல்லாவற்றுக்கும் போட்டார்கள். இரண்டு ஸ்ட்ரோக் டீசல் தானாக மூச்சு விடாது. பழைய புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்ப அதற்கு ஓர் ஊதுகருவி வேண்டும். ஆகவே ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு ரூட்ஸ் துருத்தி இருந்தது. போர் முடிந்ததும் இவை பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. கலிஃபோர்னியாவில் பார்னி நவாரோ என்பவர் 1940-களின் இறுதியில் அப்படி ஒரு டீசல் துருத்தியைக் கழற்றி, தன் ஃபோர்டு வி8 பந்தயக் காரில் மாட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவர் வழியில் போனார்கள்.

பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அலங்காரத் துருத்தியை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வீகம் பந்தயத் திடல் அல்ல, பஸ் நிலையம். சக்தியைக் கூட்டுவதற்காகவும் அது செய்யப்படவில்லை, பஸ் மூச்சு விடுவதற்காகச் செய்யப்பட்டது. மெதுவான வேலையை வருடக் கணக்கில் செய்யக் கட்டியது என்பதால்தான் அதற்கு அவ்வளவு ஆயுள்.

1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்தபோது தொடங்கியது ‘மசில் கார்’ காலம். நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய வி8 இன்ஜினை வைப்பதுதான் அதன் சூத்திரம். அதாவது டபிள்யூ.ஓ. பென்ட்லியின் கட்சி அமெரிக்காவில் வென்றது. இதற்கு முன்பே ஸ்டூடிபேக்கர் 1957-ல் மக்கல்லக் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜரைப் போட்டுக் கார் விற்றிருந்தது. 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போ கார் வந்தது. 215 கன அங்குல இன்ஜின், 215 குதிரைத் திறன். அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை.

ஜெட்ஃபயர் கதையைப் பேரனுக்கு விரிவாகவே எழுதினேன். அதன் இன்ஜினில் அமுக்க விகிதம் 10.25-க்கு 1. அத்தனை அமுக்கத்தில் டர்போ காற்றும் சேர்ந்தால் பெட்ரோல் தீப்பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கும். நம் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல. அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்ச வேண்டியிருந்தது. கார் வாங்கியவர்கள் பெட்ரோல் போட மறக்கவில்லை, இந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் சக்தி குறைந்துவிடும்படி பாதுகாப்பு இருந்தது. வாடிக்கையாளர்களோ கார் கெட்டுப்போனதாக நினைத்தார்கள். கடைசியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுத் தர முன்வந்தது. கருவி தோற்கவில்லை. தினமும் ஒரு சாதாரண மனிதன் நினைவில் வைக்க வேண்டிய காரியம் ஒன்று கூடிவிட்டது, அதுதான் தோற்றது.

பொறுமையாகச் செய்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை எடுத்தார். இருபது வருடங்களுக்குப் பிறகுதான் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் வெற்றி கண்டார். 1,750 குதிரைத் திறன் இன்ஜின்கள் 2,500 கொடுத்தன. ஃபார்முலா 1 பந்தயத்தில் ரெனோ 1977-ல் டர்போ காரை இறக்கியபோது அது அடிக்கடி புகை விட்டு நிற்கும். ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கேலி செய்தார்கள். இரண்டே வருடத்தில், 1979 ஜூலை 1 அன்று, டிஜோன் நகரில் அதே ரெனோ வென்றது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மண்ணில், தங்கள் காரில், தங்கள் ஓட்டுநர் ஜபூயியோடு.

நம் தமிழ்நாட்டிலும் துருத்தி வந்து சேர்ந்தது. 1982-ல் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கியது. அதில் பங்கு கொண்டவை சுந்தரம் ஃபைனான்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும். இரண்டுமே சுந்தரம் அய்யங்காரின் வழியில் வந்தவை. ஆக, நம் டி.வி.எஸ். குடும்பமும் இன்ஜினுக்குக் காற்று ஊட்டும் தொழிலில் இருக்கிறது. ஈட்டனைப்போல் வாலிபர்களின் காருக்கு அல்ல, பெரும்பாலும் டீசலுக்கு. கோடைக்கானல் 7,000 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி மதுரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய பஸ்கள் மலை ஏற ஏற மூச்சு வாங்கியது அதனால்தான். டர்போ வந்தபிறகு அந்த இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிட்டது.

டீசலுக்கு இது பொருந்திய அளவுக்குப் பெட்ரோலுக்குப் பொருந்தாது. டீசல் இன்ஜின் உள்ளே இழுப்பது வெறும் காற்று. எவ்வளவு அமுக்கினாலும் டீசலைத் தெளிக்கும்வரை வெடிக்க அங்கே எதுவும் இல்லை. பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காற்றோடு சேர்ந்தே அமுக்கப்படுகிறது. காற்று சூடாக இருந்தால் நாக்கிங் வரும். ஆகவே பெட்ரோல் காரில் சூப்பர்சார்ஜரின் உண்மையான எதிரி சூடு.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரி. ஹூஸ்டனும் கோடையில் கிட்டத்தட்ட அப்படித்தான், புழுக்கம் வேறு. அந்தக் காற்றை 8 பவுண்டு பூஸ்டுக்கு அமுக்கினால் அழுத்தம் 54 சதவீதம் கூடும். சைக்கிள் பம்பு சூடாவதுபோல் காற்றும் சூடாகும். சுமாரான துருத்தியாக இருந்தால் காற்று 100 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரியும். ஆகவே 54 சதவீத அழுத்தம் கொடுத்தும் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 30 சதவீதம்தான் கூடும். அதே காற்றை இன்டர்கூலரில் விட்டு 60 டிகிரிக்குக் குளிரவைத்தால் 45 சதவீதம் கூடும். சக்தியும் அதிகம், நாக்கிங் பயமும் குறைவு. துருத்திக்குக் கொடுக்கும் பணத்தைவிட இன்டர்கூலருக்குக் கொடுக்கும் பணம் இன்ஜினின் ஆயுளைக் காக்கும்.

இப்போது பேரனின் மூன்று கிட்டுகள். ஒன்று ஈட்டன் டி.வி.எஸ். பழைய ரூட்ஸில் இரண்டு மடல்கள் நேராக இருந்தன. ஈட்டன் முதலில் மூன்று மடல்களை 60 டிகிரி முறுக்கியது. டி.வி.எஸ்.ஸில் நான்கு மடல்கள், 160 டிகிரி முறுக்கு. காற்று அதிர்ந்து போகாமல் வழுக்கிப் போகும், சூடும் குறைவு. 2009 கார்வெட் இசட்.ஆர்.1 காரில் ஜெனரல் மோட்டார்ஸே தொழிற்சாலையில் இதைப் பொருத்தி, 638 குதிரைத் திறன் கொடுத்து விற்றது. இதன் முன்னோடியான மூன்று மடல் கருவி, ஜெனரல் மோட்டார்ஸின் 3800 வி6 இன்ஜினோடு சாதாரணக் குடும்பக் கார்களில் பல வருடம் ஓடியிருக்கிறது. குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும். வேண்டாதபோது காற்றைச் சுற்றிவிட ஒரு பைபாஸ் வால்வு உண்டு. 1921 மெர்சிடிஸின் கிளட்ச் செய்த வேலையை இன்று அந்த வால்வு செய்கிறது. குறை என்னவென்றால், இன்ஜினின் தலைமேலேயே உட்காருவதால் டிராஃபிக்கில் நின்றால் சூடு ஏறும்.

இரண்டாவது, இரட்டைத் திருகு வகை. ஸ்வீடன்காரர் ஆல்ஃப் லிஷோம் 1930-களில் உருவாக்கியது. இரண்டு திருகுகளும் காற்றைக் கருவிக்குள்ளேயே அமுக்கிக் கொடுக்கும். அதிக பூஸ்டில் இதற்குத் திறமை அதிகம். பேரனுக்கு அவ்வளவு பூஸ்ட் வேண்டாம். மூன்றாவது, விசிறி வகை. லூயி ரெனோ யோசித்தது. இன்ஜினின் பக்கவாட்டில் மாட்டலாம், சூடு குறைவு, முன்னால் பெரிய இன்டர்கூலர் வைக்க வசதி. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுழலச் சுழலத்தான் பூஸ்ட் ஏறும். சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகிறவனுக்கு அதன் பலன் கைக்கு எட்டாது. சில மாடல்களில் எண்ணெய்க்காக இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் துளை போட வேண்டியிருக்கும். தன்னுள்ளேயே எண்ணெய் அடைத்த மாடல் நல்லது.

ஆகவே டி.வி.எஸ். போடு என்று எழுதினேன். பெயருக்காக அல்ல. ஆனால் எந்தத் துருத்தி என்பதைவிட முக்கியமான நான்கு விஷயங்களை அதற்கு மேலே எழுதினேன்.

ஒன்று, பூஸ்ட் குறைவாக இருக்கட்டும். அவன் இன்ஜினின் அமுக்க விகிதம் 11-க்கு 1. ஜெட்ஃபயரைவிட அதிகம். இன்றைய கணினி நாக்கிங்கைக் கேட்டுத் தீப்பொறியின் நேரத்தை மாற்றும் என்பதால்தான் இது சாத்தியமே. சின்ன புல்லி போட்டால் பூஸ்ட் கூடும், ஆசையும் கூடும். கிட்டோடு வரும் பெரிய புல்லியை மாற்றாதே.

இரண்டு, முழு கிட்டாக வாங்கு. காற்று 45 சதவீதம் கூடினால் பெட்ரோலும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். பெரிய இன்ஜெக்டர், தேவைப்பட்டால் பம்ப், இன்டர்கூலர், அதற்கான தண்ணீர் பம்ப், கணினிக்கான புது நிரல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே உத்தரவாதத்தோடு வர வேண்டும். துருத்தியை ஓர் இடத்திலும் நிரலை இன்னோர் இடத்திலும் வாங்கினால், கெட்டுப்போகும்போது இருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகள் மேஜை மாறியதைப் பார்த்தவனுக்கு இது தெரியும்.

மூன்று, பெட்ரோல். அங்கே 91 என்றும் 93 என்றும் எழுதியிருக்கும் உயர்ந்த பெட்ரோலையே எப்போதும் போடு. அமெரிக்கர்கள் ஆக்டேனைக் கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 91, நம் ஊரின் 95-க்குச் சமம். கிட் செய்தவர் 93 கேட்டால் 91 போடாதே. நெடும்பயணத்தில் அது கிடைக்காத ஊர் வந்தால், காலை மெதுவாக வை.

நான்கு, காகிதம். நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இங்கே இந்த வேலைக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் காற்று வாரியத்தின் உத்தரவு எண் ஒட்டப்பட்ட கிட்டுக்குத்தான் சாலையில் அனுமதி. டெக்சாஸில் இருந்தாலும் அந்த எண் உள்ள கிட்டையே வாங்கு. புகைக்காக ஒருமுறை சோதித்துத் தேறியது என்று அர்த்தம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடு.

பூஸ்ட் அளவாக இருந்தாலே அவன் கார் 600 குதிரைத் திறனைத் தாண்டிவிடும். மதுரையிலிருந்து கொடைரோடு வரை கரி பஸ் எத்தனை குதிரையோடு ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அதனால் கடைசியாக ஒன்று எழுதினேன். கிட் வாங்கும் முன் பழைய கூலன்ட், பெல்ட், பிரேக், டயர் எல்லாவற்றையும் புதிதாக்கு. பணம் மிஞ்சினால் துருத்தி வாங்கு. மிஞ்சாவிட்டால் அடுத்த வருடம் வாங்கு.

பட்டியலில் உள்ள மூன்று கருவிகளும் நல்லவையே. நூறு வருடங்களுக்கு மேலாகத் தேய்த்துத் தேய்த்து வந்த அறிவு அவற்றில் இருக்கிறது. அதை நம்பி வாங்கலாம். எவ்வளவு ஊட்டுவது என்பதை மட்டும் கருவி சொல்லாது, ஓட்டுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். கரி பஸ் ஓட்டியவர்களுக்கு அந்தத் தீர்மானம் தினமும் இருந்தது. எத்தனை பேரை ஏற்றலாம், எந்த மேட்டில் இறக்கிவிடலாம், எங்கே நின்று கரி போடலாம் என்று கணக்குப் பார்த்தே ஓட்டினார்கள். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் உருளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதே ஓட்டுநர்கள் அதே சாலையில் பெட்ரோல் பஸ்ஸை ஓட்டினார்கள். மேடு வந்தால் கியரைக் குறைக்கும் பழக்கம் மட்டும் அவர்களிடம் கடைசிவரை இருந்தது என்று மாமனார் சொல்வார்.